செயற்கைச் சுவாசத்தை நிறுத்தும் நியாயம்

கோயம்புத்தூரின் தென்வாசல் என்று சொல்லத்தக்க உக்கடம், பொள்ளாச்சிச் சாலையும் பாலக்காட்டுச் சாலையும் ஆற்றுப்பாலத்தருகே ஒன்றுகூடி நகருக்குள் புகும் வழியில் அமைந்திருப்பதால், கொங்கு நாட்டின் தென்பகுதியிலும் வாளையாற்றுக்கு அப்பாலும் விபத்துக்குள்ளானவர்களை அரசு மருத்துவமனைக்கும் பெரிய தனியார் மருத்துவமனைகளுக்கும் ஏற்றி வரும் ஆம்புலன்ஸுகள் பெரும்பாலும் அதனைக் கடந்தே வருகின்றன. பெரியகுளத்தின் கரையை ஒட்டி எழுந்த மேம்பாலம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பின், அவ்வூர்திகள் முன்னைப்போல் நெரிசலில் சிக்கித் தவிப்பதில்லை. ஆனால் அதே சாலையில் எதிர்த் திசையிலும் ஆம்புலன்ஸுகள் செல்கின்றன. தலையில் பட்ட அடியாலோ மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவாலோ பிரக்ஞை இழந்து, வாரக்கணக்கில் வென்டிலேட்டரில் கிடந்து, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னதாலோ, செய்வதற்குக் கையில் பணமில்லை என்ற நிலை வந்ததாலோ, உறவினர் கையெழுத்திட்டு வீட்டுக்கு அழைத்துச் செல்லும் நோயாளிகள் அவற்றிற் சிலவற்றில் இருப்பார்கள். ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்தபடி ஒருவர் உடன் போவார். ஊர் சேர்ந்து, உற்றார் வாயில் பால் ஊற்றிய பின் அந்தக் கை ஓயும்.

மூளை பெரிதும் சிதைந்துபோன ஒருவருக்கு அளித்துவரும் உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தலாமா என்ற விவாதம் உலகத்தின் நீதிமன்றங்களில் ஐம்பது ஆண்டுகளாக நடந்துவருகிறது. நம் நாட்டின் உச்ச நீதிமன்றமும் அதற்கு விடை கூறியிருக்கிறது. ஆயினும் நம் ஊர்களில் அந்த முடிவு சட்டத்தின் கண்ணில் படாமல், மருத்துவமனையின் தாழ்வாரத்தில், பங்காளிகளும் மாமன் மச்சான்மார்களும் கூடிப் பேசி, கடன் கணக்கைப் பார்த்து எடுக்கும் முடிவாகவே பெரும்பாலும் இருந்துவருகிறது. நிறுத்துவது நியாயமாகும் சந்தர்ப்பங்கள் உண்டு என்பதையும், ஆனால் அந்த நியாயம் போதிய காலமும் மெய்யான பராமரிப்பும் முதலில் அளிக்கப்பட்ட பின்னரே பிறக்கும் என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரச்சினை பிறந்த வரலாறு

மரணம் எப்போது நேர்ந்தது என்பதில் மனிதகுலத்துக்கு நெடுங்காலம் பெரிய சந்தேகம் இருந்ததில்லை. மூச்சு நிற்கும், நாடி அடங்கும், உடல் குளிரும். மூன்றும் ஒன்றையொன்று அடுத்தே வரும். இந்த ஒழுங்கைக் குலைத்தது, 1952ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் பரவிய இளம்பிள்ளைவாத நோய். சுவாசத் தசைகள் செயலிழந்தவர்களின் தொண்டையில் துளையிட்டுக் குழாயைச் செருகி, ரப்பர்ப் பையை அமுக்கிக் காற்றைச் செலுத்தினால் அவர்களைப் பிழைக்கவைக்கலாம் என்று பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் செய்து காட்டவே, மருத்துவக் கல்லூரி மாணவர்கள் நூற்றுக்கணக்கில் முறைவைத்து இரவும் பகலும் நோயாளிகளின் அருகில் அமர்ந்து அந்தப் பையை அமுக்கினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாடு அந்த முயற்சியிலிருந்தே வளர்ந்தது. ஓர் உயிரைக் காக்க அன்று மாணவர் கையிலிருந்த சாதனத்தின் வாரிசே, இன்று நம் ஆம்புலன்ஸுகளில் உயிரை வீடு வரையில் கொண்டு சேர்க்கும் சாதனமாகவும் இருக்கிறது.

மூச்சை இயந்திரம் ஏற்றுக்கொண்ட பின், மூளை அழிந்தும் இதயம் துடிக்கும் புதிய நிலை ஒன்று மருத்துவர் முன் தோன்றியது. 1959இல் மொல்லாரே, கூலோன் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் இந்நிலையை முதன்முதலில் விவரித்தார்கள். 1968இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் குழு அதனை மரணமாகவே கொள்ளலாம் என்று அபிப்பிராயம் கூறியது. 1972இல் ஸ்காட்லாந்தின் ஜென்னட்டும் அமெரிக்காவின் பிளம்மும், இதனின்றும் வேறான இன்னொரு நிலையை வகுத்துரைத்தார்கள். கண் திறந்து மூடும், உறக்கமும் விழிப்பும் மாறிமாறி வரும், மூச்சு தானே ஓடும். ஆனால் தன்னைப்பற்றியோ உலகத்தைப்பற்றியோ எவ்வித உணர்வின் அறிகுறியும் புலப்படாது.

வேறுபட்ட மூன்று நிலைகள்

இவ்விவாதத்தில் தெளிவு வேண்டுவோர் மூன்று நிலைகளைத் தனித்தனியே அறிந்துகொள்ளுதல் அவசியம்.

முதலாவது மூளைச்சாவு. மூச்சையும் பிரக்ஞையையும் ஆளும் மூளைத்தண்டு மீளவியலாதபடி அழிந்த நிலை இது. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இதனை மரணமாக ஏற்று, நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை பரிசோதித்துச் சான்றளிக்க வேண்டும் என்றும், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்யும் குழுவினர் அதில் இடம்பெறலாகாது என்றும் விதித்தது. விழிப்பாவை ஒளிக்குச் சுருங்குகிறதா, வென்டிலேட்டரைச் சிறிது நேரம் விலக்கி இரத்தத்தில் கரியமில வாயு உயர்ந்தபோதும் மூச்சு எழாமல் இருக்கிறதா என்பவை போன்ற பரிசோதனைகளால் இது உறுதிசெய்யப்படுகிறது.

இரண்டாவது, மேலே சொன்ன விழித்திருந்தும் உணர்வற்ற நிலை. இவர்களுக்கு வென்டிலேட்டர் வேண்டுவதில்லை. குழாய் வழியே உணவும், படுக்கைப்புண் வாராத பராமரிப்பும் இருந்தால் பல ஆண்டுகள் வாழக்கூடும். மூன்றாவது, 2002இல் தனியாக வரையறுக்கப்பட்ட குறைந்தபட்சப் பிரக்ஞை நிலை. இதில் ஒரு சொல்லுக்குக் கண்ணைத் திருப்புதல், தெரிந்த குரலுக்கு முகம் மலர்தல் ஆகியவை நிலையின்றி வந்துபோகும். முதல் நிலையில் இருப்பவர் மருத்துவத்தின் கணக்கிலும் சட்டத்தின் கணக்கிலும் இறந்தவர். மற்ற இருவரும் உயிரோடிருப்பவர்கள். உறவினரின் கலங்கிய பேச்சில் இம்மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுவதால், பிழைக்கக்கூடியவரை அவசரமாக வீட்டுக்கு அழைத்துச் செல்வதும், இறந்துவிட்டவருக்காகத் தோட்டத்தை அடமானம் வைப்பதும் நேர்கின்றன.

இவ்வேற்றுமைகளைக் கண்டறிவதும் எளிதன்று என்பதை விஞ்ஞானமே பணிவோடு ஒப்புக்கொண்டிருக்கிறது. 2006இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவனும் அவருடைய சகாக்களும், சாலை விபத்துக்குப் பின் உணர்வற்றவர் என்று கருதப்பட்ட 23 வயதுப் பெண்ணொருத்தியிடம், டென்னிஸ் விளையாடுவதாகவும் தன் வீட்டு அறைகளில் நடப்பதாகவும் கற்பனை செய்யும்படி சொல்லி, அவளுடைய மூளையின் படத்தை எடுத்தார்கள். நலமுள்ளவர்களின் மூளையில் எந்தப் பகுதிகள் இயங்குமோ அதே பகுதிகள் அவளுக்கும் இயங்கின. 2024இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில், சொல்லுக்கு உடல் அசைவால் பதிலளிக்காத 241 பேரில் 60 பேருக்கு, அதாவது நால்வரில் ஒருவருக்கு, இத்தகைய மறைந்த பிரக்ஞை இருந்தது தெரியவந்தது. அடிபட்டு ஓராண்டு கழிந்தால் நிலைமை நிரந்தரமே என்று 1994இல் வகுக்கப்பட்ட விதியும், அதற்குப் பின்னும் சிலர் தேறியமையால், 2018இல் அமெரிக்க நரம்பியல் கழகத்தால் தளர்த்தப்பட்டது. இத்தகைய பரிசோதனைகள் நம்முடைய சாதாரண மருத்துவமனைகளில் கிடைப்பவை அல்ல. ஆகவே இங்கே நமக்குக் கிட்டும் பிரமாணம் ஒன்றே: பொறுமையாகப் பலமுறை பார்த்தலும், காலம் கடத்திப் பார்த்தலும்.

நீதிமன்றங்கள் கண்ட வழி

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் 1976இல், கேரன் குவின்லன் என்ற இளம்பெண்ணின் பெற்றோர் வேண்டியபடி வென்டிலேட்டரை விலக்கச் சம்மதித்தது. எல்லோரும் எதிர்பார்த்தபடி அவள் உடனே இறக்கவில்லை. தானே மூச்சுவிட்டு, குழாய் உணவால், 1985 வரை உயிரோடிருந்தாள். இங்கிலாந்தில், 1989இல் ஷெஃபீல்டு கால்பந்தாட்ட மைதானத்தில் நேர்ந்த நெரிசலில் நசுங்கி உணர்விழந்த டோனி பிளாண்டின் வழக்கில், குழாய் வழி ஊட்டுவதும் சிகிச்சையே, பயனற்றபோது அதையும் நிறுத்தலாம் என்று 1993இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. மூச்சுக் கருவியா, உணவுக் குழாயா என்ற வேற்றுமை இவ்விரண்டு வழக்குகளினூடே எழுந்து, இன்றுவரை மனிதர் மனத்தை வருத்திக்கொண்டிருக்கிறது.

நம் நாட்டில் இந்த வினாவை எல்லோருடைய மனத்திலும் பதித்தது அருணா ஷான்பாக்கின் வாழ்வு. மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிந்த அவர், 1973 நவம்பர் 27 அன்று அங்கேயே ஒரு கொடியவனின் தாக்குதலுக்கு ஆளாகி, கழுத்து நெரிக்கப்பட்டு, மூளைக்கு இரத்தம் தடைப்பட்டு உணர்விழந்தார். ஏறக்குறைய 42 ஆண்டுகள், தலைமுறை தலைமுறையாக மாறிவந்த செவிலியர், அவரைத் தங்கள் சகோதரியாகவே கொண்டு குளிப்பாட்டி, உணவூட்டிப் பேணினார்கள். அவர்மீது பரிவு கொண்ட எழுத்தாளர் பிங்கி விரானி, உணவூட்டுவதை நிறுத்த உத்தரவிடக் கோரித் தொடுத்த வழக்கில், 2011 மார்ச் 7 அன்று நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் ஞான் சுதா மிஸ்ராவும் அக்கோரிக்கையை மறுத்தார்கள். அருணாவின் சார்பில் பேசும் உரிமை, அத்தனை ஆண்டுகள் அவரைப் பேணிய செவிலியருக்கே உரியது என்பது அத்தீர்ப்பின் சாரமான பகுதி. அதே தீர்ப்பில், தகுந்த சந்தர்ப்பத்தில் உயர் நீதிமன்றத்தின் அனுமதியோடு சிகிச்சையை விலக்கலாம் என்ற கொள்கையும் முதன்முதலாக ஏற்கப்பட்டது. அருணா 2015 மே 18 அன்று நுரையீரல் அழற்சியால் காலமானார்.

இந்த வழக்கிலிருந்து நாம் கற்க வேண்டுவது, பேணியவருக்கே முடிவு சொல்லும் உரிமை உண்டு என்ற பெரிய தர்மம். எவர் கை நோயாளியின் உடலை நாள்தோறும் தொட்டுத் துடைத்ததோ, அவருடைய சொல்லுக்கே நீதிமன்றம் முதலிடம் கொடுத்தது.

பின்னர், காமன் காஸ் என்ற சங்கம் 2005இலேயே தொடுத்திருந்த வழக்கில், தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையில் அமைந்த ஐவர் கொண்ட அரசியல் சாசன அமர்வு, 2018 மார்ச் 9 அன்று, கண்ணியமாக இறத்தலும் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது. தம் நினைவு நல்ல நிலையிலிருக்கும்போதே ஒருவர், பிற்காலத்தில் தமக்குச் செயற்கைச் சிகிச்சை வேண்டாம் என்று எழுதி வைக்கலாம் என்றும் அது அனுமதித்தது. அந்த விதிமுறைகள் நடைமுறைக்கு ஒவ்வாத சிக்கலாயிருந்தமையால், 2023 ஜனவரி 24 அன்று நீதிமன்றமே அவற்றை எளிமையாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதிய ஆவணத்தை நோட்டரியோ அரசிதழ் பதிவுபெற்ற அதிகாரியோ சான்றளித்தால் போதும். மருத்துவமனையின் முதல் குழுவும், மாவட்ட முதன்மை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் ஒருவரைக் கொண்ட இரண்டாம் குழுவும், ஒவ்வொன்றும் சுமார் 48 மணி நேரத்தில் முடிவு கூற வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் மட்டும் தெரிவித்தால் போதுமானது. ஆவணம் ஏதும் எழுதாதவர் விஷயத்திலும் இவ்விரு குழுக்களின் வழியே உறவினர் விண்ணப்பிக்கலாம். குழு மறுத்தால் உயர் நீதிமன்றம் உண்டு.

இவ்வளவுக்குப் பின்னும் ஒரு முக்கியமான சிக்கல் எஞ்சி நின்றது. பல ஆண்டுகளாக உணர்வற்றுக் கிடக்கும் ஓர் இளைஞனின் பெற்றோர், முதுமை வந்து தங்களால் இனிப் பேண முடியவில்லை என்று 2024இல் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியபோது, அவன் எந்த இயந்திரத்தின் துணையுமின்றி மூச்சுவிடுகிறான், எனவே விலக்குவதற்கு ஏதுமில்லை என்ற காரணத்தால் கோரிக்கை மறுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. பெற்றோரின் கதறலில் இருவேறு கேள்விகள் பின்னிக் கிடந்தன: உணவுக் குழாயைச் சிகிச்சை என்று கொள்ளலாமா என்பது ஒன்று, தங்களுக்குப் பின் அவனை யார் பேணுவார் என்பது மற்றொன்று. முதலாவதற்குச் சட்டம் விடை கூறலாம். இரண்டாவதற்குச் சமூகமே விடை கூற வேண்டும்.

சமயங்களின் குரல்

சிகிச்சையை நிறுத்துவதற்குச் சமய நம்பிக்கை தடை என்று பலர் எண்ணுகிறார்கள். கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அடுத்தடுத்து நிற்கும் உக்கடம் போன்ற இடத்தில் அது இயல்பாக எழும் கேள்வியே. ஆனால் ஆராய்ந்து பார்த்தால் தடை அவ்வளவு பெரிதன்று. போப் பன்னிரண்டாம் பயஸ், 1957 நவம்பரில் மயக்கவியல் மருத்துவரிடையே பேசும்போது, அசாதாரணமான சாதனங்களால் உயிரை நீட்டிக்க வேண்டிய கடமை எவருக்கும் இல்லை என்று விளக்கினார். 1986இல் அம்மானில் கூடிய இஸ்லாமிய நெறியறிஞர் பேரவை மூளைச்சாவை மரணமாக ஏற்று, அந்நிலையில் கருவிகளை விலக்க அனுமதித்தது. கொங்கு நாட்டின் பழைய ஜைன மரபிலோ, தானே உணவைத் துறந்து உயிர்விடும் சல்லேகனை உயர்ந்த விரதமாகவே போற்றப்பட்டது. சிரவணபெளகொளாவில் கோமடேசுவரர் சிலையை எழுப்பிய சாமுண்டராயரின் தங்கை புள்ளப்பை அவ்வாறு உயிர்துறந்ததை விஜயமங்கலத்து ஜைன ஆலயம் நினைவில் வைத்திருக்கிறது.

எனினும், இந்த மரபிலிருந்து அவசர முடிவுக்கு வருதல் தகாது. விரதம் பூண்டவர் தம் முழுப் பிரக்ஞையோடு தாமே சங்கற்பம் செய்துகொண்டவர். நம் முன் கிடப்பவரோ பேச முடியாதவர். அவருக்காகப் பிறர் சங்கற்பம் செய்கிறார்கள். இந்த ஓர் இடைவெளியே பிரச்சினை முழுவதற்கும் மூலம். அதனை ஓரளவேனும் நிரப்பக்கூடியது, அவர் முன்னரே எழுதிய ஆவணம் அல்லது நெருங்கியவரிடம் தெளிவாகச் சொல்லிவைத்த விருப்பம்.

எதிர்ப்போரின் நியாயம்

சிகிச்சையை நிறுத்துவதை எதிர்ப்போர் மூடநம்பிக்கையால் எதிர்க்கவில்லை. விருதுநகர் போன்ற தென்மாவட்டங்களில், படுத்த படுக்கையாகிவிட்ட முதியோருக்கு எண்ணெய்க் குளியலாட்டி, இளநீர் புகட்டி உயிரைப் போக்கும் தலைக்கூத்தல் என்ற கொடிய வழக்கம் இருந்தமை நாடறிந்தது. சுமையாகிவிட்டவரை அகற்ற அன்பின் மொழியையே கருவியாகக் கொள்ளும் ஆபத்து நம் மண்ணில் கற்பனையன்று. சொத்துப் பாகத்துக்காகக் காத்திருக்கும் பங்காளி, மகப்பேறில்லாத விதவை, வருமானம் இல்லாத மாற்றுத்திறனாளி ஆகியோரை எண்ணினால், இரண்டு குழுக்கள், எழுத்துப் பதிவு, உயர் நீதிமன்ற மேல்முறையீடு என்ற பாதுகாப்புகள் அவசியமானவை என்பது விளங்கும்.

ஆனால் எதிர்ப்போர் கவனிக்கத் தவறும் உண்மை ஒன்று உண்டு. சட்டத்தின் வாயில் குறுகலாயிருப்பதாலேயே சிகிச்சை தொடர்ந்துவிடுவதில்லை. பணம் தீர்ந்த அன்று அது நின்றுவிடுகிறது. “இனிமே முடியாதுங்க, உசுரு ஊட்டுலயே போகட்டும்” என்று உறவினர் சொல்லிக் கையெழுத்திடும்போது, எந்தக் குழுவும் பரிசோதிப்பதில்லை. நோயாளிக்கு வலியோ மூச்சுத் திணறலோ தோன்றாதபடி மருந்தளிப்பாரும் வழியில் இல்லை. பாதுகாப்புகள் அனைத்தும் வசதியுள்ளவரின் வழக்குகளுக்கே பயன்பட, ஏழையின் முடிவு எந்தப் பாதுகாப்புமின்றி நடந்தேறுகிறது. தமிழ்நாடு ஒரு வழியைச் செவ்வையாக அமைத்திருக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவடைந்த தங்கள் மகனின் உறுப்புகளைத் தானமளித்ததிலிருந்து, உறுப்பு தானத்துக்கான அரசு ஏற்பாடுகள் வளர்ந்து, 2023 செப்டம்பர் முதல் தானம் செய்தவருக்கு அரசு மரியாதை செய்வதும் வழக்காயிற்று. மூளைச்சாவடைந்தும் தானத்துக்கு இசையாத குடும்பம், மூளைச்சாவு இன்றியே நம்பிக்கையற்ற நிலையிலுள்ள நோயாளியின் குடும்பம் ஆகியோருக்கு இதுபோன்ற செவ்வையான வழி இல்லை. உறுப்பு தானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூளைச்சாவு மரணமே என்று கேரளம் 2020இல் வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. கர்நாடகம் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. இரு அண்டை மாநிலங்களும் காட்டிய இவ்வழிகள் கொங்கு நாட்டு மருத்துவமனைகளும் பின்பற்றத்தக்கவை.

செய்ய வேண்டுவன

2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின்படி, சாலை விபத்தில் சிக்கிய எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிறது; தொடங்கியபோது அதன் வரம்பு ஒரு லட்சம் ரூபாய். உச்ச நீதிமன்றமும் மருத்துவக் குழுக்களுக்கு 48 மணி நேரத்தையே அவகாசமாகக் குறித்தது. தொடக்கத்திலும் முடிவிலும் நிற்கும் இவ்விரு காலங்களுக்கும் இடையில் உள்ளதோ, அடிபட்ட மூளை தேறுமா தேறாதா என்று தெரியவரும் வாரங்களும் மாதங்களும். காப்பீட்டு அட்டை உள்ளவருக்கு ஓரளவு துணை கிடைத்தாலும், அந்தக் காலத்தின் பெருஞ்சுமை குடும்பத்தின்மீதே விழுகிறது. நிறுத்தும் முடிவு உண்மையில் இந்த இடைக்காலத்திலேயே உருவாகிறது. ஆகவே இந்த இடைக்காலத்தைச் செம்மைப்படுத்தினாலன்றி முடிவும் செம்மையாகாது.

இதற்கு வேண்டியவை கைக்கெட்டாதவை அல்ல. ஒவ்வொரு மாவட்டத்திலும் இரண்டாம் குழுவுக்குரிய மருத்துவர்களின் பட்டியல் முன்கூட்டியே ஆயத்தமாக இருத்தல் வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள ஒவ்வொரு மருத்துவமனையிலும், நோயாளி எந்த நிலையில் இருக்கிறார், எத்தனை நாள் பொறுத்துப் பார்ப்பது நியாயம் என்பதை உறவினருக்கு அவர்கள் மொழியில் அமைதியாக விளக்கும் கடமை ஒருவருக்கு ஒப்படைக்கப்பட வேண்டும். அந்த விளக்கம் அளிக்கப்பட்டது என்ற குறிப்பு இன்றி எந்த நோயாளியும் கையெழுத்தின்மேல் அனுப்பப்படலாகாது. சிகிச்சையை நிறுத்த முடிவாகிவிட்டால், அதன் பின்னும் வலி தணிக்கும் பராமரிப்பு தொடர வேண்டும். உயிர் வீட்டில் பிரிய வேண்டும் என்ற நம் மக்களின் ஆசை நியாயமானதாகையால், அந்தப் பராமரிப்பு வீடு வரையில் செல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடுதேடிச் செய்யும் நோய்த்தணிப்புப் பணியை ஏற்கெனவே தன் கடமைகளில் ஒன்றாகக் கொண்டிருப்பதால், ஆண்டுக்கணக்கில் உணர்வற்றிருப்போரைப் பேணும் தாய்தந்தையருக்கு மாதத்தில் சில நாளேனும் ஓய்வளிக்கும் ஏற்பாட்டை அதனோடு இணைப்பது இயலாத காரியமன்று.

குடும்பங்களும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கல்யாணத்துக்கும் காடு கரை பாகப்பிரிவினைக்கும் ஊர்ப் பெரியவர்களை வைத்து எழுதிக்கொள்ளும் நம்மவர், தம் இறுதிக் காலத்துக்குரிய விருப்பத்தைப் பற்றிப் பேசுவதை அபசகுனமாகக் கருதி ஒதுக்குகிறார்கள். அந்தப் பேச்சு நடந்திருந்தால், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மகன் தந்தையின் உயிருக்கு நீதிபதியாக நிற்க வேண்டியிராது. தந்தையின் சொல்லை நிறைவேற்றுபவனாகவே நிற்பான்.

போதிய காலம் பொறுத்துப் பார்த்து, தகுதியுள்ளோர் இருமுறை ஆராய்ந்து, பேணியவர் மனமொப்பி, நோயாளியின் விருப்பத்துக்கு இசைய எடுக்கப்படும் முடிவு கொலையும் அன்று, கைவிடுதலும் அன்று; அது ஒரு மனித உடலுக்கு நாம் செலுத்தும் மரியாதை. கடன்காரருக்கு அஞ்சி எடுக்கப்படும் முடிவோ, அதே நோயாளிக்கு அதே நாளில் நேர்ந்தாலும், சமூகம் முழுவதும் பங்குகொள்ளும் அநீதியே ஆகும். இவ்விரண்டையும் வேறுபடுத்தும் பொறுப்பை நீதிமன்றம் தன் அளவில் நிறைவேற்றிவிட்டது. இனி அப்பொறுப்பு மாவட்ட நிர்வாகத்தையும் மருத்துவமனைகளையும் நம்மையும் சேர்ந்தது.